அறிந்தே அழிதல்: தருமன், சாதுவன், தங்கவயல்

கோலார் தங்கவயலை அடுத்துள்ள பூதிகோட்டை, ஐதர் அலி பிறந்த ஊர் என்ற அளவில் வரலாற்று நூல்களில் இடம்பெறும் ஒரு சிற்றூர். பூதி என்னும் சொல் கன்னடத்தில் சாம்பலைக் குறிக்கும். தமிழில் நீற்றைக் குறிக்கும். ஐதர் அலி எழுதப் படிக்கக் கல்லாதவர். ஆயினும் அவர்தம் நினைவாற்றலையும் மனக்கணக்கின் விரைவையும் அவர் காலத்து ஐரோப்பியர் வியந்து எழுதியுள்ளனர். கல்வி வேறு, அறிவு வேறு என்பதற்கு அவர் ஒரு சான்று. வள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரமும் அறிவுடைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார்.

இவ்வேறுபாட்டை முதலிலேயே கூறுவதற்குக் காரணம் உண்டு. 'அறிவுடையார் தமக்குத் தாமே கேடு சூழ்ந்துகொள்வது ஏன்?' என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுகிறது. ஆனால் அது எல்லாரையும் நோக்கி எழுவதில்லை. பேராசிரியர் ஒருவர் குடியால் அழிந்தால், 'இத்துணை அறிவுடையவர் ஏன் இவ்வாறு ஆனார்?' என வியக்கிறோம். அவ்வூர்ப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் குடியால் அழிந்தால் எவரும் வியப்பதில்லை. 'விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். முன்னவர் நிகழ்வு புதிர் எனவும் பின்னவர் நிகழ்வு இயல்பு எனவும் கொள்ளப்படுகின்றன. இப்பாகுபாடு சரியா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. சரியன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தற்கேட்டிற்குப் பழைய நூல்கள் கூறும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டனுள் அடங்கும். ஒன்று அறியாமை. தீயது எனத் தெளிவாக அறிந்தவன் அதனைச் செய்யான். செய்கிறான் எனின் அவன் அறிந்திலன் என்பது சாக்ரடீசு கொண்ட முடிபு. பிளேட்டோவின் புரோட்டகோரசு உரையாடலில் இதனைக் காணலாம். மற்றொன்று புறத்திருந்து வந்து பற்றும் ஆற்றல். நளன் கதையில் கலி நெடுங்காலம் காத்திருந்து, நளன் கால் கழுவியபோது நீர் படாது விட்ட சிறு இடத்தைக் கண்டு அவனுள் புகுகிறான். அதன் பின்னரே நளன் சூதாடி நாடிழக்கிறான். புகழேந்தியார் முதல் அதிவீரராம பாண்டியர் வரை நளன் கதையைத் தமிழில் பாடியோர் இந்தக் கலியைக் கைவிடவில்லை. நல்லவனும் அறிஞனுமாகிய ஒருவன் தானே தன்னைக் கெடுத்துக்கொண்டான் என்று கூற மனம் ஒப்பாதபோது, கேட்டைச் செய்வதற்கு வேறொருவன் தேவைப்படுகிறான்.

இவ்விரு விளக்கங்களும் தருமனிடத்தில் தோற்றுப்போகின்றன. வியாச பாரதத்தில் தருமனைப் பற்றிய கலி எவனும் இல்லை. சூது பூசலுக்கு வேர் என்பதை அழைக்க வந்த விதுரனிடம் தருமனே ஒத்துக்கொள்கிறான். எனவே அறியாமையும் இல்லை. ஆயினும் செல்கிறான். செல்வதற்கு அவன் கூறும் காரணங்கள் மூன்று. பெரிய தந்தையின் ஆணையை மீறலாகாது. அழைக்கப்பட்டால் மறுக்காமை தன் நோன்பு. ஊழ் வழியே உலகம் இயங்குகிறது. மூன்றும் மதிக்கத்தக்க காரணங்கள். அறநூல் வல்லார் எவரும் எளிதில் மறுக்க இயலாதவை. ஆனால் காட்டிற்குச் சென்ற பிறகு வீமன் சினந்து கேட்கும்பொழுது நான்காவது ஒன்று வெளிப்படுகிறது. துரியோதனனிடமிருந்து அவன் அரசைக் கவர்ந்துகொள்ளும் எண்ணத்தோடேயே காயைக் கையில் எடுத்தேன் என்கிறான் தருமன். சகுனியின் காய்கள் அவன் விருப்பத்திற்கேற்ப விழுவதைக் கண்டபோதே மனத்தைத் திருப்பியிருக்கலாம், சினம் பொறுமையைக் கொன்றுவிட்டது எனவும் கூறுகிறான்.

வனபருவத்தில் வரும் இச்சிறு பகுதி நம் வினாவிற்குப் பெரிதும் உதவுவது. உண்மையான காரணம் இறுதியில் வருகிறது; அதற்கு முன் அதனை மறைக்கும் மூன்று காரணங்களை அறிவு படைத்தளிக்கிறது. அறிவு குறைந்த ஒருவனாக இருந்தால் ஒரு காரணமே கிடைத்திருக்கும். அதனை விதுரன் எளிதில் உடைத்திருப்பான். தருமனின் அறிவு அவனைத் தடுக்கவில்லை. அவன் சார்பில் வழக்காடியது. நடுவராக இருக்க வேண்டியது வழக்குரைஞராக மாறியது எனலாம். பாரதியார் 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தில், தருமன் நாட்டைப் பணயமாக வைத்தபோது கதையை நிறுத்தித் தாமே கடிந்துரைக்கிறார். காப்பியக் கவிஞனின் நடுநிலை அவ்விடத்தில் தளர்வதைக் குறை கூறுவாரும் உளர். தருமனின் காரணங்களை நன்கு உணர்ந்தவர்க்கே அச்சினம் வரும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

அரிசுடாட்டில் இதனை வேறொரு வழியில் அணுகினார். தீது என அறிந்தும் செய்பவனின் அறிவு, குடிமயக்கத்தில் எம்பெடோகிளீசின் செய்யுள்களை ஒப்பிப்பவனின் அறிவைப் போன்றது என்றார். சொற்கள் பிழையின்றி வரும். பொருள் உள்ளே இறங்கியிராது. நல்ல உவமைதான். ஆனால் அது தருமனுக்குப் பொருந்துமாறில்லை. அவனுக்குப் பொருள் நன்கு இறங்கியிருந்தது.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கும் சூதுக்கும் அடுத்தடுத்த அதிகாரங்களை வகுத்து, மருந்தினை அவற்றின்பின் வைத்தார். இவ்வதிகாரங்களில் அறிவின் வழக்காடும் தன்மையை அவர் நன்கறிந்திருந்தமைக்குச் சான்றுகள் உள்ளன. மயங்கியவனுக்குக் காரணங் காட்டித் தெளிவிக்க முயல்வதை, நீரினுள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவதற்கு ஒப்பிடுகிறார். அதற்கடுத்த குறள் இன்னும் நுட்பமானது. தான் உண்ணாத வேளையில் உண்டு களித்த மற்றொருவனைக் காணும்போதேனும் தன் சோர்வை எண்ணிப் பார்க்க மாட்டானா என வினவுகிறார். வினாவாக விட்டமையே கருதத்தக்கது. காண்கிறான், எண்ணுவதில்லை. ஏன் எண்ணுவதில்லை? அவன் வேறு, நான் வேறு என்று கொள்கிறான். பொதுவிதியை அறிவதற்கு அறிவு வேண்டும். தான் அதற்கு விலக்கு எனக் காட்டுவதற்கு அதனினும் கூர்மையான அறிவு வேண்டும்.

விலக்கு என எண்ணுவதற்குத் திறமை மிக வலிய ஆதாரமாக அமைகிறது. எதையும் தன் திறத்தால் வென்று பழகியவன், குடியையும் காயையும் அவ்வாறே ஆளலாம் என நம்புகிறான். சீட்டாட்டம் குறித்த சட்ட வழக்குகளில் 'திறன்' என்ற சொல் படும் பாட்டினை ஈண்டு நினைக்கலாம். ரம்மி பெரிதும் திறன் சார்ந்த ஆட்டம் என 1968இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தில் ரம்மி, போக்கர் ஆகியவற்றைச் சேர்த்தது செல்லாது என 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் அதே சொல்லே அளவுகோலாயிற்று. 2025 ஆகத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறனா வாய்ப்பா என்ற வேறுபாட்டைப் பாராமலே பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. சட்டத்தின் போக்கு எவ்வாறாயினும், மூடனை அழைப்பதற்குத் 'திறன்' என்ற சொல் தேவையில்லை. அச்சொல் அறிவுடையானுக்கான இரை. வள்ளுவர் சூதின் வெற்றியைத் தூண்டில் முள்ளுக்கு உவமித்தபோது முள்ளைப் 'பொன்' என்ற சொல்லால் சுட்டினார். அதற்கு இரும்பு என்று பரிமேலழகர் உரை கண்டார்.

இக்கால எழுத்துலகிலிருந்து இருவரை மட்டும் குறிப்பிடலாம். குறத்தி முடுக்கு, நாளை மற்றுமொரு நாளே ஆகிய புதினங்களை எழுதிய ஜி. நாகராஜன் கணிதம் கற்பித்தவர். மாணவர் போற்றிய ஆசிரியர். கவிஞர் கண்ணதாசன் தம் குடியையும் பிற பழக்கங்களையும் மறைத்தவரல்லர். அவற்றைத் தம் தன்வரலாற்று நூல்களில் தாமே எழுதினார். இருவரும் 1981ஆம் ஆண்டிலேயே, அறுபதை எட்டாமல் மறைந்தனர். தம்மை இவ்வளவு தெளிவாகக் கண்டவர்கள் தமிழில் அரியர். தன்னைத் தெளிவாகக் காண்பது தன்னைக் காப்பதற்குப் போதுமென்றால் கண்ணதாசன் நெடுநாள் வாழ்ந்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்வதும்கூட ஒரு வகையில் வழக்காடலாகிவிடக் கூடும். 'நான் மறைக்கவில்லையே' என்பது அவ்வழக்கின் வாதம். இது இவ்விருவர் மீதான தீர்ப்பன்று. ஒருவர் வாழ்வின் காரணங்களை அவர் நூல்களிலிருந்து முற்றும் பெற இயலாது.

இனித் தங்கவயலுக்கு வருவோம். அவ்வயலே ஒரு பணயத்தில் எழுந்தது என்பது நினைவிற்குரியது. 1870களில் அயர்லாந்து நாட்டவரான மைக்கேல் லெவல் என்னும் முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் அகழ்வுரிமை பெற்றார். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றனர். சில ஆண்டுகளில் முதல் கரைந்தது, பொன் கிடைத்தபாடில்லை, மைசூர்ச் சுரங்க நிறுவனத்தைக் கலைத்துவிடலாம் எனப் பங்குதாரர் எண்ணினர். எஞ்சியதையும் இட்டுப் பார்க்கலாம் என்று டெய்லர் இணங்க வைத்தார். அவர் அனுப்பிய பிளம்மர் என்னும் சுரங்க வல்லுநர் பழைய அகழ்வுகளை ஆராய்ந்து சாம்பியன் எனப்படும் பொன்படிவைக் கண்டார். அதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்தது. 2001 பெப்ரவரி 28இல் மூடப்பட்டது.

இழந்தவன் இருப்பதையும் வைத்தாடுவது சூதாடியின் இலக்கணம். டெய்லர் செய்தது செயலளவில் அதனின் வேறன்று. வென்றமையால் அது தொலைநோக்கு எனப்பட்டது. சாம்பியன் படிவு ஒரு சில அடி தள்ளி இருந்திருந்தால் அதற்கு வேறு பெயர் கிட்டியிருக்கும். துணிவு, வெறி, முயற்சி, பேராசை ஆகிய சொற்களை நாம் பெரும்பாலும் விளைவைக் கண்ட பின்னரே தேர்ந்தெடுக்கிறோம். ஆட்டத்தில் வைக்கப்படுவது எவருடைய பொருள், எவருடைய உடல் என்பது மட்டும் விளைவிற்கு முன்பே அறியத்தக்க வேறுபாடு.

பொன்னுக்காக அங்கு வைக்கப்பட்ட உடல்களுள் பெரும்பகுதி தமிழருடையவை. வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். மிகப் பலர் ஒடுக்கப்பட்ட குலத்தினர். ஆழ்ந்த அடுக்குகளில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. மேலிருந்து அழுத்தும் சுமையால் பாறை திடீரெனத் தெறித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் என்னும் வெடிப்பு அச்சுரங்கங்களுக்கு உலகப் பெயர் பெற்றுத் தந்தது. வெண்கல் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயாயிற்று. இத்தகைய இடத்தில் நாள்தோறும் இறங்கி ஏறுபவன் மூடனாக இருக்க இயலாது. கூரைப் பாறையைக் கம்பியால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உறுதியை மதிப்பிடுவது சுரங்கத் தொழிலின் பழைய நுட்பம். அது செவியால் செய்யும் ஆராய்ச்சி. பிழைத்தால் உயிர் போகும்.

இவ்வறிவுடையான் மேலேறி வந்து சாராயம் அருந்துகிறான் எனில் அதனைத் தற்கேடு என்று எவ்வளவு தூரம் கூறலாம்? நெடுங்காலம் வாழப்போகிறவனுக்கு நாளைய ஈரல் ஒரு பொருட்டு. நுரையீரல் முன்பே கூலிக்கு விற்கப்பட்டுவிட்டது என்பதை இருமலால் அறிந்தவனுக்கு அக்கணக்கு வேறு. அவன் எதிர்காலத்தை அழித்துக்கொள்வதாக நாம் நினைக்கிறோம். அவ்வெதிர்காலம் அவன் கையில் இருந்ததா என்று கேட்பதில்லை. மற்றொன்றும் உண்டு. தலைக்குமேல் பாறை நிற்கும்போது மனம் ஒன்றிலேயே குவிகிறது. அவ்வேளையில் கடனும் அவமதிப்பும் நினைவில் எழா. மேலே வந்ததும் அவை காத்திருக்கும். கீழே கிட்டிய அவ்வொருமையை மேலே தருவது குடியும் சீட்டும் ஆகலாம். பல்வகை எண்ணங்களால் அலைவுறும் கல்வியாளனும் கிண்டிக் குதிரைப் பந்தயத்திலும் மதுக்கூடத்திலும் தேடுவது இதனையே என்றால் தவறாகாது.

இவ்விளக்கத்தைக் கடைசிவரை இழுத்துச் செல்லலாகாது. அதே சுரங்கத்தில் இறங்கி, அதே தூசியை உட்கொண்டு, அதே குடியிருப்பு வரிசையில் வாழ்ந்து, குடியாதவர் பலர் இருந்தனர். சூழலே முழுக் காரணமெனின் இவர்களை எவ்வாறு விளக்குவது? வள்ளுவர் சூது அதிகாரத்தை முடிக்கும் இடம் இதற்கு ஓரளவு விடை தருகிறது. இழக்க இழக்கச் சூதின்மேல் விருப்பம் வளர்தலை, துன்புறத் துன்புற உடலின்மேல் உயிர் கொள்ளும் காதலோடு அவர் இணைக்கிறார். அஞ்சத்தக்க ஒப்புமை இது. அழிவின்மேல் கொள்ளும் பற்றும் வாழ்வின்மேல் கொள்ளும் பற்றும் ஒரே அமைப்புடையன என்றாகிறது. துன்பத்தை மீறி வாழ்வைப் பற்றிக்கொள்ளும் அதே உறுதிதான் இழப்பை மீறிக் காயைப் பற்றிக்கொள்கிறது. எனவே அவனிடம் வலிமை குறைவு என்பதும் பொருந்தாது. அவ்வலிமை எப்பக்கம் திரும்புகிறது என்பதைச் சூழல் மட்டுமன்று, அருகில் இருந்து பேசும் குரலும் முடிவு செய்கிறது.

தங்கவயலில் அவ்வாறு பேசிய குரல்களுள் ஒன்று தமிழ்ப் பௌத்தத்தின் குரல். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிகுப்பத்தில் வேரூன்றியது. அவர் 1907இல் தொடங்கிய தமிழன் இதழ், அவர் மறைவுக்குப் பின், 1920களின் பிற்பகுதியில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பஞ்ச சீலத்தின் ஐந்தாவது, மயக்கும் பொருளை விலக்குதல். அவ்விலக்கினைத் தொழிலாளர்க்கு எடுத்துரைத்தவர்கள் தொழிலாளரிடையே வாழ்ந்தவர்கள். மேலிருந்து வந்த அறிவுரையாக அது அமையவில்லை. நம்மை இழிந்தோர் என்பார்க்கு எதிராக நாம் எடுக்கும் நிலை என்பதாக அமைந்தது. குடியை விடுதல் தன்மதிப்போடு பிணைக்கப்பட்டது. அறியாமை நீக்கம் என்பதினும் இது வலிமை மிக்க அணுகுமுறை.

சங்கம் தோன்றிய அதே 1898இல் உ.வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பும் வெளிவந்தது. அக்காப்பியத்துச் சாதுவன் கதை நம் வினாவிற்கு மிக அணித்தானது. சாதுவன் மூடன் அல்லன்; நாகர் மொழியை நன்கறிந்தவன். மனைவி ஆதிரையை நீங்கிக் கணிகை ஒருத்தியின்பால் சென்று, வட்டாடியும் சூதாடியும் பொருள் முழுதும் இழந்தான். கையில் பொருள் தீர்ந்தபின் அவளும் நீக்கினாள். வணிகரோடு கடலேறினான், கலம் உடைந்தது, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைந்தான். அங்கே நாகர் தலைவன் அவனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கச் செய்கிறான். சாதுவன் மறுக்கவே தலைவன் வெகுண்டு வினவுகிறான்: இவை இல்லையெனில் இவ்வுலகில் மாந்தர்க்கு வேறு பயன் யாது?

இக்கேள்விக்கு விடை கூறத் தகுதி பெற்றவன் சாதுவன். அப்பயன்களை எல்லாம் அவன் விலைகொடுத்துப் பெற்று அறிந்தவன். பிறப்பையும் வினையையும் விளக்கி, மயக்கும் கள்ளையும் கொலையையும் நன்கறிந்தோர் நீக்கினர் என்கிறான். இவ்வாழ்வில் எமக்கு இயலும் அறத்தைக் கூறு என்று தலைவன் கேட்க, உரையாடல் திசை மாறுகிறது. கலம் உடைந்து உயிர் தப்பி வருவோரைக் கொல்லாதே. மூத்துத் தாமே இறக்கும் விலங்கைத் தவிர எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதே என்பதே சாதுவன் அவனுக்கு வகுத்த அறம். அவ்வறத்துள் கள் இடம்பெறவில்லை. தான் விலக்கியதை, தன் அறிவுரையின் முதற் பகுதியில் கண்டித்ததை, இயலும் அறத்தை வகுக்குமிடத்தில் அவன் வற்புறுத்தவில்லை. இதனை ஆசிரியர் சாத்தனாரின் சோர்வு எனக் கொள்ளுவதற்கில்லை. பிறர் உயிரைப் பறிக்கும் கேட்டிற்கும் தன் உடலைத் தின்னும் கேட்டிற்கும் இடையில், அழிந்து மீண்ட ஒருவன் வரிசை அமைக்கிறான். ஒருபோதும் அழியாத ஒருவன் அவ்விடத்தில் இருந்திருந்தால் கள்ளிலேயே தொடங்கியிருப்பான். நாகர் தலைவனும் அவனை உண்டிருப்பான்.

கர்நாடகத்தில் 2007 சூலை முதல் சாராய விற்பனை தடை செய்யப்பட்டது. சாராயக் கடைகள் மறைந்தன. பிற மதுவகைகளின் கடைகள் நின்றன. சுரங்கம் மூடியபின் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலைத் தொடர்வண்டியில் பெங்களூருக்குக் கூலிக்குச் சென்று இரவில் திரும்புவோர் தொகை பெருகிற்று. பாறை இல்லை, களைப்பு உண்டு.

சாதுவனைப் பற்றிப் பேசுவோர் அவன் மனைவியைக் கற்புக்குச் சான்றாகக் கூறிக் கடந்து செல்வர். கணவன் கடலில் இறந்தான் எனக் கேட்டு அவள் தீப்புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. தீயும் கொல்லாத தீவினையாளன் ஆனேனே என அழுதாள். சூதாடியது அவன், ஈமத்தீ மூட்டியது அவள். தற்கேடு என்று நாம் பெயரிடும் ஒன்றில் 'தன்' என்பது எங்கே முடிகிறது என்னும் வினாவை அக்காட்சி எழுப்புகிறது. குடிப்பவன் தன் உடலுக்குத் தானே உரியவன் என்று வழக்காடலாம். அவ்வழக்கில் ஆதிரை கட்சிக்காரராகச் சேர்க்கப்படுவதில்லை. தங்கவயலின் வீட்டு வரிசைகளிலும் கூலி நாளில் கதவருகே நின்றவர் இருந்திருப்பர். அவர்தம் கணக்குகள் எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை.

சாதுவன் பொருளோடு மீண்டு வந்து ஆதிரையோடு அறம் செய்து வாழ்ந்தான் என்கிறது காப்பியம். அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை, முதற் பிச்சையை எவ்வில்லத்தில் ஏற்பது என்று காயசண்டிகையைக் கேட்கிறாள். காயசண்டிகை காட்டிய வீடு, பொருளையெல்லாம் சூதில் தொலைத்த அவனுடைய வீடு. வாயிலில் வந்து பிச்சையிட்டவள் ஆதிரை.